ரெபேக்காளின் முழு வருகை

காலை ஐந்தரைக்கு பஷீருதீன் எழுவான். தொழுவான். பாயைச் சுருட்டி மூலையில் நிறுத்துவான். கிணற்றடியில் நான்கு வாளி இறைத்துத் தலையில் ஊற்றிக்கொள்வான். ஸ்டவ்வைப் பற்றவைத்து ஒரு தம்ளர் தண்ணீர் கொதிக்க வைப்பான். தேயிலை போட்டு வடிகட்டி, பால் இல்லாமல் குடிப்பான். பலகையில் கவிழ்ந்திருக்கும் இன்னொரு தம்ளரை எடுக்கமாட்டான். சட்டையை மாட்டுவான். பையில் வருகைப் பதிவேடு, சாவி, சாக்பீஸ் டப்பா. கக்கத்தில் குடை.

வீட்டின் முன்பக்கத்தில் மளிகைக்கடை வைத்திருக்கும் ஷேக் தாவூத்தான் அந்த அறையை வாடகைக்கு விட்டவர். அவர் கடைப்பலகையை எடுத்துக்கொண்டே கேட்பார்.

“இன்னா மாப்ளே, நாஸ்தா ஆச்சா?”

“ஆச்சு மாமு.”

ஆகியிருக்காது. அது அவருக்கும் தெரியும். ஆனாலும் தினமும் கேட்பார், தினமும் இவன் சொல்வான்.

கோவளத்திலிருந்து முட்டுக்காட்டுப் பக்கமாக உப்பங்கழியோரம் நாற்பது நிமிஷம் நடந்தால் அளத்துச்சேரி வரும். அறுபது குடிசை, ஒரு சின்ன தேவாலயம், அதற்குப் பின்னால் ஓலைக் கொட்டகையில் பள்ளிக்கூடம். சுற்றிலும் உப்பளம். பூட்டைத் திறப்பான். நாய் படுத்த இடத்தைக் கூட்டுவான். மணி அடிப்பான். பிள்ளைகள் வந்து உட்கார்ந்ததும் பதிவேட்டைத் திறந்து, குனிந்த தலை நிமிராமல் பெயர் கூப்பிடுவான். முப்பத்தொரு பெயர். ஒவ்வொன்றுக்கும் எங்கிருந்தோ “உள்ளேன் ஐயா” என்று ஒரு குரல் வரும். குரல் வந்தால் ஒரு கோடு. மத்தியானம் அதே கோட்டின் மேல் குறுக்கே இன்னொன்று.

முகங்களை அவன் பார்ப்பதில்லை. அது திமிரல்ல. செங்கல்பட்டு ஆஸ்பத்திரியில் ஷஹர்பானுவின் முகத்தைப் பத்து நாள் இமைக்காமல் பார்த்திருந்தான். கல்யாணமாகி எட்டு மாதம், டைபாய்டு. போட்டோ எடுத்திருக்கவில்லை. இப்போது அந்த முகம் சரியாக நினைவுக்கு வரவில்லை. புது முகங்களைப் பார்த்தால் மிச்சமும் அழிந்துவிடும் என்று ஒரு பயம். படித்தவனுக்கு வரக்கூடாத பயம்தான், ஆனால் வந்துவிட்டது. அவள் கலிமா சொல்லிக் கண்ணை மூடினாள் என்று சொந்தக்காரர்கள் சொல்வார்கள். அவன் மறுத்துப் பேசியதில்லை. பக்கத்தில் இருந்தவன் அவன். அவள் கடைசியாகச் சொன்னது, “ஜன்னல்ல வெயில் அடிக்குது, சாத்துங்க.” சாத்திவிட்டுத் திரும்புவதற்குள் முடிந்துவிட்டது.

பி.ஏ. படித்தவன் ஓலைக்கொட்டகைக்கு ஏன் வந்தான் என்று செங்கல்பட்டில் பேசிக்கொண்டார்கள். அத்தாவின் இரும்புக்கடையில் உட்கார்ந்து துக்கம் விசாரிப்பவர்களுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருக்க முடியவில்லை. ஆசிரியர் பயிற்சி இல்லாதவனையும் எடுத்துக்கொள்ளும் பள்ளி ஒன்று கடற்கரைப் பக்கம் இருப்பதாக யாரோ சொன்னார்கள். கிளம்பிவிட்டான். 1954 ஜூன்.

பள்ளிக்கு ஒரே ஆசிரியர், அது அவன்தான். வகுப்பு ஐந்து, கரும்பலகை ஒன்று. ஒன்றாம் வகுப்புக்கு ‘அ’ எழுதிப் போட்டுவிட்டு மூன்றாம் வகுப்புக்குத் திரும்பினால் ஒன்றாம் வகுப்பு எழுந்து கழிக்கு நண்டு பிடிக்கப் போயிருக்கும். நண்டு பிடிக்கப் போனவர்களைக் கூட்டிவந்தால் ஐந்தாம் வகுப்பு அடித்துக்கொண்டிருக்கும். கல்லூரியில் அவன் படித்த தத்துவத்தில் இதற்கு வழி எழுதியிருக்கவில்லை.

அதோடு முதல் மாதம் தாய்மார்கள் வேறு சண்டைக்கு வந்தார்கள். போன வருஷம் சர்க்கார் அரைநாள் பள்ளிக்கூடம் என்றது. பிள்ளைகள் காலையில் படித்துவிட்டு மத்தியானம் அளத்துக்குப் போனார்கள். இந்த வருஷம் அதை எடுத்துவிட்டு முழுநாள் என்றது.

“இன்னா பாய் வாத்தியாரே, போன வாத்தியார் மத்தியானமே வுட்டாரு. நீ மட்டும் புடிச்சி வெச்சிகினு இன்னா பண்றே?”

“சர்க்கார் உத்தரவும்மா.”

“அப்ப சர்க்கார வந்து உப்பு வாரச் சொல்லு.”

உப்பு எடுக்கும் நாட்களில் பாதி வகுப்பு காலியாக இருக்கும். பதிவேட்டில் பள்ளம் பள்ளமாக வெற்றுக் கட்டங்கள். ஒரே ஒரு வரிசைதான் ஜூன் முதல் ஒரு கட்டமும் விடாமல் நிறைந்திருந்தது. ஐந்தாம் வகுப்பு, ரெபேக்காள்.

அந்த ரெபேக்காள்தான் அவனுக்குப் பெரிய குழப்பம்.

திங்கட்கிழமை பாடத்தைத் தண்ணீர் மாதிரி படிப்பாள். செவ்வாய்க்கிழமை அதே பக்கத்தைத் திறந்து கொடுத்தால் எழுத்தைக் கூட்டக்கூடத் தெரியாமல் நிற்பாள். செவ்வாய்க்கிழமை வகுத்தல் கணக்கை மனதிலேயே போட்டு விடை சொல்வாள். புதன்கிழமை வாய்ப்பாட்டில் ஏழாவது வரிக்கே திணறுவாள். ஆள் அதே ஆள்தான். அதே ஊதாப் பூப்போட்ட பாவாடை, இடுப்பில் கிழிந்து தைத்த இடம், கீழே உப்புக்கறை. தரையையே பார்க்கிறவனுக்குப் பாவாடைதான் அடையாளம். நாடா மட்டும் சில நாள் பச்சையாக, சேலைக்கரையைக் கிழித்துப் பின்னியதாகத் தொங்கும். சில நாள் சணல் கயிறாக இருக்கும். அதையும் பார்த்திருந்தான். பார்த்ததற்கு அர்த்தம் இருக்குமென்று நினைக்கவில்லை.

இரவில் கயிற்றுக் கட்டிலில் படுத்துக்கொண்டு யோசிப்பான். மறதி நோயா? வீட்டில் அடியா? அல்லது தன் மூளையில்தான் ஏதாவது கழன்றுவிட்டதா? கடைசியதுதான் உண்மையாக இருக்கும் என்று பட்டது. ஒரு நாள் பூட்டிய கதவைப் பாதி வழியில் திரும்பி வந்து மறுபடி பூட்டியவன் அவன்.

செப்டம்பரில் ஒரு நாள் பொறுமை போய்விட்டது. முந்தின நாள் அழகாகப் படித்த பக்கம். இன்று ஒரு வரிகூட வரவில்லை.

“நேத்து படிச்சியே?”

புத்தகத்தின் விளிம்பை நகத்தால் சுரண்டினாள்.

“நேத்து இதே பக்கத்தைப் படிச்சியா இல்லையா?”

சணல் கயிற்றின் நுனியை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள்.

“வேணும்னே பண்றியா? போ, வெளியே போய் நில்லு. மணி அடிச்சா வா.”

போய் நின்றாள். உப்பளத்து வெயில் மேலே இருந்து மட்டும் அடிப்பதில்லை, பாத்தித் தண்ணீரிலிருந்தும் அடிக்கும். காலை மாற்றி மாற்றி வைத்து ஒரு மணி நேரம் நின்றவள், திடீரென்று கிளிஞ்சல் குவியலின் மேல் சரிந்து விழுந்தாள். முழங்கால் பிளந்துவிட்டது. துணியைக் கிழித்துக் கட்டியவன் அவன்தான். அப்போதும் அவன் முழங்காலைத்தான் பார்த்தான். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அவள் சொல்லவில்லை.

அதன் பிறகு அவன் யாரையும் வெயிலில் நிறுத்தியதில்லை. குழப்பம் மட்டும் தீரவில்லை.

மார்ச் மாதம் செங்கல்பட்டிலிருந்து கடிதம் வந்தது. அங்கே பெண்பிள்ளைகள் விடுதி ஒன்றில் கடற்கரைச் சேரிகளுக்கென்று ஒரே ஒரு இடம். ஐந்தாம் வகுப்பு முடிக்கிற பெண்ணாக இருக்க வேண்டும். எட்டாவது வரை படிப்பும் சாப்பாடும். வருகை நன்றாக இருந்தால் முன்னுரிமை. அளத்துச்சேரியில் ஐந்தாவதுக்கு மேல் பள்ளி கிடையாது. ஐந்தாவது முடிந்த பெண் அடுத்த நாள் உப்புக்கூடையைத் தூக்குவாள். அதற்கு அடுத்த நாளும் அதையேதான். இந்த இடம் கிடைத்தால் ஒருத்தி தப்புவாள்.

பள்ளியின் நிர்வாகியும் தேவாலயத்து உபதேசியாருமான ஏசுபாதம் விண்ணப்பப் பாரத்தைக் கொண்டுவந்து மேஜையில் வைத்தார். “தம்பி, வியாழக்கிழமை நானே பிள்ளையையும் பாரத்தையும் நேர்ல கொண்டுபோய் வுட்டுட்டு வந்துர்றேன். லேட்டானா மத்த சேரிக்காரன் அடிச்சிகினு பூடுவான். யாரு பேரு போடறோம்?”

“ரெபேக்காள். முழு வருகை.”

“கர்த்தருக்கு ஸ்தோத்திரம். பூவாயி மவளா? ஒரு நாள்கூட லீவு போடலியா?”

“ஒரு நாள்கூட இல்லை.”

ஏசுபாதம் சிரித்தமாதிரி இருந்தது. அவன் அதையும் சரியாகப் பார்க்கவில்லை.

திங்கட்கிழமை பாரத்தை நிரப்பினான். கடைசியில் ‘அங்க அடையாளங்கள் இரண்டு’ என்று கேட்டிருந்தது. வேறு வழியில்லை. ரெபேக்காளை மேஜையருகே கூப்பிட்டு, ஒன்பது மாதத்தில் முதல்முறையாக முகத்தைப் பார்த்தான். மெலிந்த முகம், பெரிய கண். வலது புருவத்துக்கு மேல் மிளகளவு மச்சம். எழுதிக்கொண்டான். இரண்டாவதுக்கு யோசிக்கவே தேவையில்லை.

“முழங்காலைக் காட்டு.”

காட்டினாள். வழவழவென்று இருந்தது.

“இது இல்லை, இடது.”

“இதான் சார் இடது.”

வலதையும் பார்த்தான். தழும்பு எதிலும் இல்லை. அத்தனை ஆழமான காயம் அடையாளமே இல்லாமல் ஆறுமா? ஆறலாம். சின்னப் பிள்ளைகளின் தோல். அவளைப் போய் உட்காரச் சொன்னான். பச்சை நாடா ஆட ஆடப் போய் உட்கார்ந்தாள். இரண்டாவது அடையாளத்தை நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம் என்று பாரத்தை மடித்து வைத்தான்.

செவ்வாய்க்கிழமை மறுபடி கூப்பிட்டான். முகத்தைப் பார்த்தான். மச்சம் இல்லை.

பாரத்தைப் பார்த்தான். ‘வலது புருவத்துக்கு மேல் மச்சம்’ என்று அவன் கையெழுத்தில்தான் இருந்தது. முகத்தைப் பார்த்தான். புருவத்துக்கு மேல் வேர்வைதான் இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தான். பார்வை தானாகக் கீழே இறங்கியது. அவள் பாவாடையைத் தூக்கிச் சொறிந்துகொண்டிருந்த இடது முழங்காலில், கொலுசு வளைந்த மாதிரி, ஒரு வெள்ளைத் தழும்பு.

நேற்று பார்த்தது எது, இன்று பார்ப்பது எது? ஷஹர்பானுவின் முகம் கலைந்ததுபோல உயிரோடு இருப்பவர்களின் முகமும் ஒரே ராத்திரியில் கலையத் தொடங்கிவிட்டதா?

“உன்… உன் மச்சம் எங்கே?”

“எந்த மச்சம் சார்?”

மூன்றாம் வகுப்பு வரிசையிலிருந்து சின்னராசு எழுந்தான். ரொம்ப நேரமாக இந்தக் கூத்தைப் பார்த்துக்கொண்டிருந்தவன்.

“மச்சம் அக்காவுக்கு சார். இன்னிக்கு ஜெசிந்தா மொற.”

“என்ன மொற?”

“நேத்து பெரியவ. இன்னிக்கு சின்னவ. மாத்தி மாத்தி வருவாங்க சார்.” பிறகு, வாத்தியாருக்கு இதுகூடத் தெரியாதா என்ற இரக்கத்தோடு, “ஒரே பாவாட சார்” என்றான்.

கொட்டகையில் யாரும் சிரிக்கவில்லை. அவர்களுக்கு அது வேடிக்கையாகவே தெரியவில்லை. முப்பது பிள்ளைகளும் அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவனும் முதல்முறையாக அவர்கள் எல்லோரையும் பார்த்தான்.

“எத்தனை நாளா?”

“நீங்க வந்ததுலேர்ந்தே சார்.”

ஜெசிந்தா, அதுதான் அவள் பெயர், சணல் கயிற்றை விரலில் சுற்றிக்கொண்டு நின்றாள். செப்டம்பர் வெயிலில் அவன் நிறுத்தியது இவளை. முந்தின நாள் இவள் படிக்காத பாடத்துக்காக.

சாயங்காலம் பூவாயியின் குடிசைக்குப் போனான். புருஷன் சின்னையன் கால்வாய்ப் படகில் உப்பு ஏற்றிக்கொண்டு மெட்ராஸ் போனால் இருபது நாள் கழித்துத்தான் வருவான். பூவாயி காலில் வேப்பெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். உப்புத்தண்ணீர் அரித்த கால். இரண்டு பெண்களும் பக்கத்தில் நின்றார்கள். சேர்த்துப் பார்த்தால் இருவருக்கும் அப்படியொன்றும் ஒரே சாயல் இல்லை. அதுதான் அவனுக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

“ஏம்மா, ஒரு பேரை எழுதிட்டு ரெண்டு பேரை அனுப்பினா எப்படி?”

“ஏன் வாத்தியாரே, கொறயா வந்துச்சா? ஒரு நாளு வரலியா?” பூவாயிக்கு உண்மையாகவே புரியவில்லை. எழுந்து போய் ஓலை இடுக்கில் செருகியிருந்த பித்தளை வில்லையை எடுத்துவந்து காட்டினாள். அளத்தில் குடும்பத்துக்கு ஒரு வில்லை. ‘14, சின்னையன்’ என்று பொறித்திருந்தது. “இத்த எடுத்துகினு யார் போனாலும் ஆளுதான். மேஸ்திரி ‘சின்னையன்’னு கூப்டுவாரு. நான் போனா நான் ‘ஆமாங்கோ’ன்னுவேன். இவ போனா இவ சொல்லுவா. எங்கூட்டுக்காரரு பேர இந்தக் குட்டி எத்தினி நாளு சொல்லிகீது தெரியுமா? வேல நடக்குதா இல்லியா, அத்தானே பாப்பாங்கோ?”

“இது வேலை இல்லையம்மா, படிப்பு.”

“அதுவும் ஒரு எடந்தானே. போன வருஷம் அரைநாளா இருந்துச்சி, பெரியவ படிச்சிட்டு வந்து உப்பு வாருவா. முழுநாளு ஆக்கிட்டாங்கோ. ஒருத்திய முழுசா குடுத்துட்டா நான் இன்னா பண்றது? பாதி பாதியா குடுத்தேன். மழக்காலத்துல அளம் இல்ல, அப்பவும் ஒரு பாவாடதானே வாத்தியாரே? அம்மணமாவா அனுப்ப முடியும்?”

அவன் பாரத்தைப் பற்றிச் சொன்னான். செங்கல்பட்டு, விடுதி, எட்டாவது வரை, மூன்று வேளைச் சாப்பாடு. எண்ணெயைத் தொட்டுவிட்டுக் கையைப் பாவாடையில் துடைக்கப்போன ஜெசிந்தாவைப் பூவாயி தட்டிவிட்டாள். யோசித்தாள். யோசிக்க அதிக நேரம் ஆகவில்லை.

“சின்னவள கூட்டினு போ.”

“பேரு ரெபேக்காள் பேரும்மா. நாலாவதிலிருந்து அவ பேர்தான் பதிவேட்டுல இருக்கு. நியாயப்படி அவதான் போகணும்.”

“பெரியவ ரெண்டு கூட தூக்குவா. சின்னவ ஒண்ணு தூக்கறதுக்குள்ள ரெண்டு வாட்டி எறக்கி வெப்பா. பெரியவ போனா எனக்குக் கை ஒடிஞ்ச மாதிரி. அவதான் போணும்னா ஒர்த்தியும் வாணாம், வுட்டுடு.”

“பாரத்துல மச்சம்னு எழுதிட்டேன்.”

“அதுக்கு இன்னா, மையி வெச்சா போச்சு.”

ஜெசிந்தா களுக்கென்று சிரித்தாள். ரெபேக்காள் சிரிக்கவில்லை. அவள் பாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். தலைகீழாக இருந்ததையும் அவள் படிக்கிறாள் என்பதை உதடு அசைவதிலிருந்து அவன் கண்டான்.

அவளிடமே கேட்டுவிட நினைத்தான். “உனக்குப் போகணுமா?”

அவள் அம்மாவைப் பார்த்தாள். பிறகு கேட்டாள், “அங்க கத புக்கு கீதாமே சார்?”

“இருக்கும்.”

“ரொம்ப கீதா?”

“தெரியல.”

அவள் தலையாட்டினாள். ஜெசிந்தாவுக்குத்தான் சந்தேகம் வந்தது. “நான் போனா அங்கயும் ரெபேக்காளுன்னு கூப்டா திரும்பணுமா சார்?”

“ஆமா.”

“அது பயக்கந்தான்.”

புதன்கிழமை மத்தியானம் ஏசுபாதத்திடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் நிதானமாக வெற்றிலையைச் சுண்ணாம்பு தடவி மடித்தார்.

“தெரியும் தம்பி.”

“தெரியுமா?”

“சேரிக்கே தெரியும். உங்களுக்கும் தெரியும்னுல்ல நெனச்சிகினு இருந்தேன். தெரிஞ்சே கண்டுக்காம வுட்டிருக்காரு, நல்ல மனுஷன்னு பேசிகினோம்.”

தெரியாமல் இருந்ததற்கு இப்படி ஒரு பெயர் வாங்கியிருக்கிறான்.

“ஜெசிந்தா பேர்ல புதுசா எழுதலாமா?”

“ஒரு நாளுகூட பள்ளிக்கூடம் வராத புள்ளைக்கு அஞ்சாவது முடிச்சதா எப்பிடிக் குடுப்பீங்க? பதிவேட்டுல அந்தப் பேரே இல்லியே. இன்ஸ்பெக்டர் பார்த்தா ஒங்க வேலை போவும், நம்ம பள்ளிக்கூடம் மூடுவான். உண்மைய எழுதுனா எடமும் போச்சு. ஒர்த்தி போட்டும் தம்பி. ஒர்த்தியாச்சும் போட்டும்.”

“எந்த ஒருத்தி?”

“அத்த அவங்க ஆத்தா சொல்லிட்டா இல்ல?”

அன்று சாயங்காலம் கொட்டகையில் தனியாக உட்கார்ந்தான். மச்சம் என்ற வரி கண்முன்னால் இருந்தது. அடித்துவிட்டால் பெயர்க்காரி போகமாட்டாள். அடிக்காவிட்டால் யாருமே போகமாட்டார்கள். படிக்கத் தெரிந்தவள் ரெபேக்காள். ஒன்றாவதுகூடப் படிக்காமல் ஐந்தாவதில் வந்து உட்கார்ந்து, பாதி நாட்களில் வகுத்தல் வரை பிடித்தவள் ஜெசிந்தா. யாருக்குத் தகுதி அதிகம் என்று தராசில் வைத்தால் ஒரு நிமிஷம் இந்தப் பக்கம் சாய்ந்தது, மறு நிமிஷம் அந்தப் பக்கம். இரும்புக்கடைக்காரர் மகனுக்கு நிறுக்கத் தெரிய வேண்டும். தெரியவில்லை.

கடைசியில் மச்சத்தை அடித்தான். அதன் மேல் எழுதினான்: ‘இடது முழங்காலில் கிளிஞ்சல் கீறிய தழும்பு.’ கையெழுத்துப் போட்டான். பூவாயி சொன்னதால் எழுதினானா, வெயிலில் நிறுத்தியதற்கு ஈடாக எழுதினானா? எழுதும்போதும் அவனுக்குத் தெரியவில்லை. இருட்டுவதற்குள் பூட்டிக்கொண்டு நடந்தான். அன்று பூட்டைப் பார்க்கத் திரும்பி வரவில்லை.

வியாழக்கிழமை விடிந்ததும் திருப்போரூர் போகும் வண்டிப்பாதையில் போய் நின்றான். ஏசுபாதம் குடையோடு முன்னால் வந்தார். பின்னால் ஊதாப் பூப்போட்ட பாவாடை. துவைத்து, கறை போகத் தேய்த்திருந்தது. இடுப்பில் பச்சை நாடா தொங்கியது.

அவன் திடுக்கிட்டான். பச்சை நாடா என்றால் பெரியவள். கடைசி நேரத்தில் மனம் மாறிவிட்டாளா பூவாயி? பாரத்தில் தழும்பு என்றல்லவா இருக்கிறது? வேகமாகக் கிட்டே போய்க் குனிந்து முகத்தைப் பார்த்தான். மச்சம் இல்லை. ஜெசிந்தாதான். எண்ணெய் வைத்து இழுத்துச் சீவிய தலை, பயந்த கண்.

“இன்னா சார்?”

“ஒண்ணுமில்ல. நல்லாப் படி.”

“சார், வெயில்ல நிக்க வெப்பாங்களா அங்க?”

“மாட்டாங்க” என்றான். அதுவும் அவனுக்குத் தெரியாது.

அவர்கள் சவுக்குத் தோப்பைத் தாண்டி மறையும் வரை நின்றான். பூவாயி வரவில்லை. உப்பு எடுக்கும் நாள். ரெபேக்காளும் வரவில்லை.

வெள்ளிக்கிழமை. பூட்டைத் திறந்தான். கூட்டினான். மணி அடித்தான். பதிவேட்டைத் திறந்து பெயர் கூப்பிட்டான். இப்போது ஒவ்வொரு பெயருக்கும் தலையைத் தூக்கிப் பார்த்தான். பிள்ளைகளுக்கு அது புதிதாக இருந்தது. இரண்டு பேர் கூச்சப்பட்டுக் கையால் வாயை மூடிக்கொண்டார்கள். ரெபேக்காள் பெயர் வந்தது. அதைக் கூப்பிடவில்லை. விதிப்படி அந்த வரிசையின் மேல் சிவப்பு மையில் ஒரு கோடு இழுத்து, ‘செங்கல்பட்டுக்கு மாற்றம்’ என்று எழுதினான். ஜூனிலிருந்து நேற்று முன்தினம் வரை ஒரு கட்டம் விடாத வருகை.

நிமிர்ந்தபோது வாசலில் அவள் நின்றாள். இடுப்பில் பூவாயியின் பழைய சேலைத்துண்டை இரண்டாக மடித்துச் சுற்றியிருந்தாள். நழுவாமல் இருக்க ஒரு கையால் பிடித்திருந்தாள். இன்னொரு கையில் பித்தளை வில்லை. அளத்துக்குப் போகிற வழி.

அவன் எழுந்து வாசலுக்குப் போனான். ராத்திரியெல்லாம் யோசித்து வைத்திருந்ததைச் சொன்னான். முடிந்தபோதெல்லாம் வா. ஜெசிந்தா என்ற பேரில் புதிதாகச் சேர்த்துக்கொள்கிறேன். ஐந்தாவதை இன்னொரு தடவை படி. செங்கல்பட்டிலிருந்து கதைப் புத்தகம் வாங்கிவருகிறேன். அடுத்த வருஷம் இன்னொரு இடம் வரலாம். சொல்லச் சொல்ல அவனுக்கே அதில் எது நடக்கும், எது நடக்காது என்று பிடிபடவில்லை. ஒன்பது மாதத்தில் அவன் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை.

அவள் எல்லாவற்றையும் கேட்டாள். பிறகு ஒன்றைச் சொன்னாள். சொல்லிவிட்டு, சேலைத்துண்டைப் பிடித்தபடி, வரப்பு வழியாக அளத்துக்குப் போய்விட்டாள். அதற்குப் பிறகு அவள் பள்ளிக்கு வரவே இல்லை. வழியில் பார்த்தால் கூடையோடு ஒதுங்கி நிற்பாள், பேசமாட்டாள்.

அவள் சொன்னதைப் பற்றி ஏசுபாதத்திடம் ஒரு கதை இருக்கிறது. ஞாயிறு ஜெபத்தில் அதைச் சொல்வார். ‘என் தங்கச்சி படிச்சா நான் படிச்ச மாதிரி சார்’ என்று அந்தப் பிள்ளை சொன்னதாம். கேட்கிறவர்கள் கண்ணைத் துடைத்துக்கொள்வார்கள். பஷீருதீன் அதை இரண்டு முறை கேட்டான். மறுக்கவில்லை. அப்படிப்பட்ட கதைகளை மறுத்து அவனுக்குப் பழக்கமில்லை.

ஆனால் பக்கத்தில் நின்றவன் அவன். அவள் கேட்டது அவ்வளவு சின்ன விஷயம். அதற்காகச் செங்கல்பட்டுக்கு ஒரு கார்டு எழுத அன்று சாயங்காலமே உட்கார்ந்தான். ரெபேக்காளுடையதை ரெபேக்காளிடமிருந்து வாங்கி ரெபேக்காளுக்கு அனுப்பும்படி யாருக்கு எப்படி எழுதுவது? கார்டு இன்னும் வெறுமையாக, கவிழ்ந்த தம்ளருக்கு அடியில் இருக்கிறது.

அவள் சொன்னது இவ்வளவுதான்.

“பாவாட ரெண்டு பேர்துதான் சார். நாடா என்னுது. அத்த மட்டும் வாங்கினு வந்து குடு சார்.”